யாரும் தொடக்கூடாத சைக்கிள்

என் அத்தான் நான்கு நாள் சைக்கிள் பயணத்தில் இறந்துபோனார் என்றுதான் சங்கரன்கோவிலில் பலர் இன்றும் சொல்கிறார்கள். தப்பு. அந்தப் பயணம் புறப்படவே இல்லை. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால், கடைசி ஒத்திகையில், புளியரை எஸ் வளைவில் அவர் இறந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன் நான். இந்த மாதிரிப் பிழைகளைக் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். சொன்ன ஆள் யாராக இருந்தாலும் அங்கேயே திருத்திவிடுவேன். ஆனால் திருத்த வேண்டிய பிழை ஒன்று என்னிடமே இருந்தது. அதை இரண்டு வருடம் மூடி வைத்திருந்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் அப்பாவும் தறிக்காரர், அத்தானும் தறிக்காரர். அத்தான் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் எட்டு விசைத்தறி ஓடும். என் வீடு அடுத்த தெருவில். காலையில் திருவேங்கடம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ் ஏறுவதற்கு முன்னால் அக்கா கையால் ஒரு காபி, சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்னொரு காபி. என் வீட்டுக்காரி இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அந்தக் காபி நின்றது. எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்குத் திருவனந்தபுரம்தான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தென்காசி, செங்கோட்டை வழியாகப் போய், மருந்து ஏற்றிக்கொண்டு, அதே வழியில் பஸ்ஸில் திரும்ப வேண்டும். திரும்பும்போது கேரள எல்லையைத் தாண்டியதும் புளியரை இறக்கம் வரும். அந்த வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பும்போதெல்லாம் அக்காவுக்கு வாந்தி வந்துவிடும். அத்தான் ஒரு கையில் பாலிதீன் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் தலையைத் தாங்குவார். பஸ்ஸில் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். நான் அவர்களை முறைப்பேன். அத்தான் யாரையும் முறைக்க மாட்டார், ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் குலுங்கும், எந்த இடத்தில் லாரி ஏறி வரும் என்று அவருக்கு மனப்பாடம்.

அப்படி ஒரு பஸ்ஸில்தான் கடையநல்லூர் பாய் பழக்கமானார். வளைகுடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரும் தன் மனைவியை இதே நோய்க்காக இதே வழியில் கூட்டிப் போய் வந்துகொண்டிருந்தார். அந்த அம்மா அந்த வருடமே இறந்துவிட்டார்கள். நாற்பதாம் நாள் கழிந்த பிறகு பாய் எங்களைத் தேடி வந்தார்.

"அண்ணாச்சி, நம்ம பக்கத்து நோயாளிகளைப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு வேன் வேணும். சும்மா போய்க் கேட்டா யாரும் காது குடுக்க மாட்டாங்க. நாம சைக்கிள்ல போவோம். இங்கன இருந்து திருவனந்தபுரம், அங்கன இருந்து நாகர்கோவில், திருநெல்வேலி வழியா திரும்ப ஊருக்கு. நாலு நாள். போற ஊர்ல எல்லாம் நின்னு பேசுவோம். இன்ஷா அல்லாஹ், வேன் வந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் சிரிக்கவில்லை. "நான் வாரேன் பாய்," என்றார். ஐம்பத்தொரு வயது. ஒல்லியான தேகம். பால் வாங்கப் போகிற பழைய சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியறியாத மனிதர். அக்கா கட்டிலில் படுத்தபடியே, "இந்த வயசுல இது வேறயா?" என்றாள். ஆனால் அவள் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு சந்தோஷம் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரர், கோர்ட்டு ஊழியர்கள் இரண்டு பேர், சபையில் ஜெபம் செய்துவிட்டு நேராக வந்து பெயர் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று மொத்தம் பதினாலு பேர். எனக்கு முழங்கால் சரியில்லை, சைக்கிள் மிதிக்க முடியாது. மோட்டார் பைக்கில் காற்றடிக்கும் பம்பும் டியூப்பும் தண்ணீர்க் கேனும் கட்டிக்கொண்டு கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது என் வேலை. கூடவே, யாரும் கேட்காமலே, விதிகள் எழுதும் வேலையையும் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு விதிகள். தலைக்கவசம் இல்லாமல் ஏறக்கூடாது, இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டக்கூடாது, இறக்கத்தில் முந்தக்கூடாது. பெரிய சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தறிக்கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். "சாருக்கு லீவு நாள்லயும் வகுப்பு எடுக்கணும்," என்று மருந்துக்கடைக்காரர் கிண்டலடித்தார். நான் அவருக்கு இரண்டாம் விதியை இன்னொரு தடவை வாசித்துக் காட்டினேன்.

அத்தானுக்குப் பாய் தன்னுடைய கியர் சைக்கிளையே கொடுத்துவிட்டார். நீல நிறம். இரண்டு சக்கரத்தின் நடுவிலும் டிஸ்க் பிரேக்கின் தட்டு எவர்சில்வர் போலப் பளபளத்தது. கொட்டகை வாசலில் நின்று பாய் அத்தானிடம் வெகுநேரம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாய் போன பிறகு அத்தான் உள்ளே வந்து பொதுவாக ஒரு உத்தரவு போட்டார்.

"இந்தச் சைக்கிளை யாரும் தொடக்கூடாது. துடைக்கிறது, கழுவுறது எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். ஏட்டி, உனக்குந்தான். மாப்ளே, உனக்குந்தான்."

ஏன், எதற்கு என்று சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். தறியில் பாவு நூல் அறுந்தால்கூட வாயைத் திறக்காமல் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். "என்னையக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வச்சுக்கிடலையே," என்று அக்கா சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஒரு வார்த்தை, ஏன் அத்தான் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வகுப்பில் கேள்வி கேட்காத பிள்ளைகளைத் திட்டுகிறவன் நான்.

பயிற்சி நன்றாகப் போகவில்லை. முதல் வாரம் திருவேங்கடம் ரோட்டில் கருவேல முள் ஏறி ஒரே காலையில் ஆறு சைக்கிள் படுத்தது. அடுத்த வாரம் வாசுதேவநல்லூர் பக்கம் போய்த் திரும்பும்போது, பின்னால் வந்த லாரியின் ஹாரனுக்குப் பயந்து மருந்துக்கடைக்காரர் ரோட்டோரம் விழுந்தார். முன்பல் உடைந்தது. அதன் பிறகு அவர் விதிகளைக் கிண்டல் செய்யவில்லை, பயிற்சிக்கும் வரவில்லை. எனக்குப் பயம் வந்தது. ஒவ்வொரு காலையும் பைக்கில் பின்னால் போகும்போது அத்தானின் முதுகையே பார்த்துக்கொண்டு போவேன். சட்டையின் வியர்வை ஈரத்துக்குள் எலும்பு ஏறி இறங்கும். இந்த மனிதருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அக்காவை யார் திருவனந்தபுரம் கூட்டிப் போவது, அந்தப் பையை யார் பிடிப்பது என்ற யோசனைதான் எனக்கு. எல்லோருக்கும் பின்னால் நான் போனேன் என்று சொன்னாலும், உண்மையில் நான் காவல் போனது அவர் ஒருவருக்குத்தான்.

ஒவ்வொருவருக்கும் கழுத்தில் மாட்ட அட்டை தயாரித்தோம். பெயர், ரத்த வகை, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம். எல்லோரும் மனைவியின் நம்பரை எழுதினார்கள். அத்தான் என் நம்பரை எழுதினார்.

"அக்கா நம்பரை எழுதலையா அத்தான்?"

"அவகிட்ட போய் யாரும் சட்டுனு சொல்லிரக்கூடாது மாப்ளே. நீன்னா பக்குவமா சொல்லுவே."

அவருக்கு என் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஏதோ பட்டிருக்க வேண்டும். ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே, "நாந்தான் நாளு எண்ணிக்கிட்டு இருக்கேன். நீங்க எனக்கு முந்திராதீங்க," என்றாள். "உன்னைய அந்த வேன்ல ஏத்தி உக்கார வைக்காம நான் எங்கன போகப்போறேன்?" என்று அத்தான் அவள் வாயைத் துண்டால் துடைத்துவிட்டார்.

கடைசி ஒத்திகைக்கு விஜயதசமி காலையைப் பாய் தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் விடுமுறை. தறிகளும் ஓடாது. புளியரை ஏறி, எல்லையில் டீ குடித்துவிட்டு, இறங்கித் திரும்புவது என்று திட்டம். அந்த ஏற்றத்தை மிதித்துவிட்டால் நாலு நாளும் ஒன்றுமே இல்லை என்றார் பாய். ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். இறக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூசை. தறி வீட்டில் அதுதான் வருடத்தின் பெரிய நாள். அன்று காலையிலிருந்து எட்டுத் தறியையும் தூசி தட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஊடு நூல் ஓட்டும் நாடாவிலிருந்து கத்தரிக்கோல் வரை வரிசையாக அடுக்கி வைப்போம். என் மோட்டார் பைக்கும் அங்கேதான் நிற்கும். அக்கா எழுந்து நடமாடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து ஏற்றி அப்போது நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் பொட்டு வைப்பதை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தாள். நீலச் சைக்கிளிடம் வந்ததும் அத்தான், "அதுக்கு வேண்டாம்," என்றார்.

"எல்லாத்துக்கும் வச்சிட்டு, நீங்க ஏறிப் போற வண்டியை மட்டும் மொட்டையா நிறுத்தச் சொல்லுதீயளா?"

"சரி, கைப்பிடியில மட்டும் வையி. வேற எங்கனயும் வைக்கக்கூடாது."

சாயந்தரம் பூசை முடிந்து அத்தான் கோயிலுக்குப் போயிருந்தார். நான் கொட்டகையில் சுண்டல் தின்றுகொண்டு சும்மா நின்றேன். சைக்கிளைக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கைப்பிடியில் மட்டும் என்று அவர் சொன்னதை அக்கா காதில் வாங்கவே இல்லை. இரண்டு சக்கரத்தின் பிரேக் தட்டிலும் கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. பார்த்தால் ஏசுவாரே, பிரேக்கில் போய்ச் சிக்குமே என்று இரண்டு யோசனையும் சேர்ந்து வந்தது. நகத்தால் சுரண்டினேன், சரியாக வரவில்லை. தண்ணீர் தொட்டால் துருப்பிடிக்கும். தறி வீட்டில் இரும்பில் எது ஒட்டினாலும் நாங்கள் தேடுவது எண்ணெய்தான். அப்பா காலத்திலிருந்து அப்படி. தறிக்குப் போடுகிற எண்ணெயில் கழிவு நூலை நனைத்து இரண்டு தட்டையும் சுத்தமாகத் துடைத்தேன். பிறகு காய்ந்த நூலை எடுத்து மூன்று தடவை அழுத்தித் துடைத்தேன். இரும்புதானே, எண்ணெயைக் குடிக்காது என்று நினைத்தேன். தட்டு முன்னைவிடப் பளபளத்தது. நல்ல காரியம் செய்த திருப்தியில் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்காவிடமும் சொல்லவில்லை, அத்தானிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத இருட்டிலேயே கிளம்பிவிட்டோம். அக்கா வாசல்வரை வந்து நின்றாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். அத்தான் ஏறி உட்கார்ந்து, "போய் படு ஏட்டி," என்றார். அவள் போகவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை அப்படியே நின்றது பைக் கண்ணாடியில் தெரிந்தது.

கடையநல்லூரைத் தாண்டும்போதே அத்தானின் சைக்கிள் பிரேக் பிடித்தால் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. பாய் முன்னால் போகிற கூட்டத்தோடு வெகுதூரம் போயிருந்தார். சமதரையில் பிரேக்குக்கு அவ்வளவு வேலை இல்லை. மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. செங்கோட்டை தாண்டியதும் தூறல் மாதிரிப் பனி. அத்தான் ஏற்றத்தில் எங்கேயும் காலை ஊன்றவில்லை. எஸ் வளைவில் எதிரே இறங்கிய பஸ்களுக்கு ஒதுங்கிக்கொண்டு ஒரே மூச்சாக ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் சின்னப் பையனைப் போலச் சிரித்தார். நான் கைதட்டினேன். அவ்வளவு நாளாக எனக்குள் கிடந்த பயம் அந்த ஒரு நிமிடம் இல்லை. அதற்காகவும் என்னை நான் மன்னித்ததில்லை.

டீ குடித்துவிட்டுப் பாயும் முக்கால்வாசிப் பேரும் இறங்கத் தொடங்கினார்கள். அத்தான் மட்டும் சைக்கிளைத் தள்ளி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வழுக்குது மாப்ளே. நம்ம தறியில பிரேக் தோல்ல எண்ணெய் பட்டா வழுக்கும்லா, அதே மாதிரி இருக்கு. நேத்து இதுல எண்ணெய் எதுவும் தொட்டியா?"

கேட்டது அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை. நானும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் டீக்கடை பெஞ்சில் இருந்தோம். பன்னிரண்டு விதி எழுதி ஒட்டினவன், தொடாதே என்று சொன்ன சைக்கிளைத் தொட்டேன் என்று அந்த ஆசிரியர் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால் அக்கா தட்டில் பொட்டு வைத்ததையும் சொல்ல வேண்டும். அவள் எழுந்து நடந்ததற்கே அத்தான் ஏசியிருந்தார். அதோடு, மூன்று தடவை துடைத்தாகிவிட்டதே, இப்போது எங்கே எண்ணெய் இருக்கப்போகிறது?

"எண்ணெயா? நான் தொடவே இல்லையே அத்தான்," என்றேன்.

அவர் தலையாட்டினார். "வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வாரேன்," என்று ரோட்டோரம் தள்ளிப் போய் நின்று பேசினார். திரும்பி வந்து, "உங்க அக்கா கஞ்சி குடிச்சிட்டாளாம்," என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தட்டைத் துடைத்தார். அவர் தறியிலேயே நெய்த வெள்ளைத் துண்டு. துடைத்த இடம் சிவப்பாக வந்தது. விரித்து என்னிடம் காட்டினார்.

"துருவா இருக்கும்," என்றேன்.

"ஆமா. பனி ஈரத்துல பிடிச்சிருக்கும். இறங்க இறங்கச் சூடேறிச் சரியாயிரும்."

ஆசிரியர் முதலில் இறங்கினார். அடுத்து அத்தான். பின்னால் நான். முதல் வளைவு வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த தூரம் கூடிக்கொண்டே போனது. இறக்கத்தில் முந்தக்கூடாது என்பது ஒன்பதாம் விதி. அவர் ஆசிரியரைத் தாண்டிப் போனார். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய இரண்டு காலும் பெடலில் இல்லை. இரண்டு பாதத்தையும் ரோட்டில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே போனார். அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். கீழே லோடு லாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தியே விட்டார். அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அத்தான்தான் வளைய முடியாமல் நேரே போய் மோதினார்.

நான் ரோட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். செக்போஸ்டிலிருந்து ஓடி வந்த போலீஸ்காரர் அவர் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்து அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார். என் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. எடுத்து, "சொல்லுங்க," என்றேன். எதிரே நின்றவர் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். பக்குவம் என்று அவர் எதை நினைத்தாரோ, அது எனக்கு வரவில்லை. வாசலில் நின்று அழுதேன், அவளுக்குப் புரிந்துவிட்டது.

பதினாறாம் நாள் பாய் வந்தார். கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார். "எப்படி சார் இப்படி ஆச்சு? அண்ணாச்சிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அந்தத் தட்டுல கைவிரல்கூடப் படக்கூடாது, ஒரு சொட்டு எண்ணெய் போச்சுன்னா அது பிரேக் கட்டையில ஊறிரும், துடைச்சாலும் போகாதுன்னு." சுவரில் என் பன்னிரண்டு விதியும் ஒட்டியபடி இருந்தது. பாய் போனதும் சார்ட்டைக் கிழித்துப் போட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் வந்தது. முன்சக்கரம் கோணியிருந்தது. கொட்டகை மூலையில் நிறுத்திப் போர்வையால் மூடினோம். பயணத்தை யாரும் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் அத்தான் இறந்த செய்தி கேட்டு நாங்கள் போக நினைத்த ஊர்க்காரர்களே உதவி செய்தார்கள். வேன் வந்துவிட்டது. அக்கா அதில்தான் படுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போய் வந்தாள். நான் கூடப் போவேன், பையை நான் பிடிப்பேன். எஸ் வளைவு வரும்போது இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்வோம். அவள் தேறினாள். தலைமுடி வளர்ந்தது. இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொன்ன நாளில் நான் ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போன ஆயுத பூசைக்கு மறுபடி தறிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். இப்போது அக்காதான் எட்டையும் ஓட்டுகிறாள். சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வரிசையாக வந்தவள், மூலையில் போர்வை மூடிக் கிடந்ததன் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். போர்வையை எடு என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்தத் தட்டை நாந்தான் எண்ணெய் போட்டுத் துடைச்சேன். நீ வச்ச சந்தனத்தை எடுக்கிறதுக்காக. மலை மேல வச்சு அத்தான் கேட்டாரு. இல்லன்னுட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத் தறியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீயா அழிச்சே? அவுக அழிச்சிட்டாகன்னுல்லா நினைச்சேன்."

சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மீதியைச் சொன்னாள்.

"விடியக் காலம்பற எந்திரிச்சு வந்து பாத்தேன் தம்பி. ரெண்டு சக்கரத்துலயும் பொட்டு இல்ல. அவுக ஏறிப் போற வண்டியில பொட்டு அழிஞ்சு கிடந்தா எனக்கு எப்படி இருக்கும்? சந்தனம் கரைக்க நேரமில்ல. வெறும் குங்குமம் ஒட்டாதுன்னு, விளக்கு எண்ணெயைத் தொட்டுத் தடவி, அதுமேல வச்சேன். ரெண்டு பக்கமும்."

துண்டில் பட்ட சிவப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருட்களோடு அந்தத் துண்டும் வந்திருந்தது. அதை அவள் துவைக்காமல் பீரோவில் வைத்திருப்பது எனக்குத் தெரியும். ரத்தம் இருக்கிறது என்பதால் வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"மேல இருந்து எனக்குப் போன் போட்டாகல்லா? கஞ்சி குடிச்சியான்னு கேட்டுட்டு, 'மாப்ளே தொடலங்கான், நீ சைக்கிள்ல எண்ணெய் எதுவும் தொட்டியா?'ன்னு கேட்டாக. அந்த நேரத்துல எந்திரிச்சு நடமாடுனேன்னு தெரிஞ்சா ஏசுவாகளேன்னு, நான் கட்டிலை விட்டே இறங்கலன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

அவள் குங்குமச் சிமிழை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திருப்பித் திருப்பி மூடினாள்.

"'அப்போ பனி ஈரந்தான். நீங்க ரெண்டு பேருமா எங்கிட்ட பொய் சொல்லப்போறீங்க?'ன்னு சிரிச்சுட்டு வச்சாக."

அன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். சைக்கிளை மட்டும் யாரும் தொடவில்லை.